ஊட்டிக் குளிரில் தினமும் வேலைக்கு... செகண்ட் ஹேண்ட் ட்ரெயில் பைக் கைகொடுக்குமா?

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கு டூர் வருகிறவர்களுக்கு உறைபனி என்றால் கொண்டாட்டம். தலைக்குந்தா புல்வெளி வெள்ளையாக மாறிக்கிடப்பதைப் படம் எடுத்துக்கொண்டு, அறைக்குத் திரும்பி மறுபடியும் கம்பளிக்குள் புகுந்துகொள்ளலாம். உள்ளூர்க்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. கேரட் அறுவடை, தேயிலைத் தொழிற்சாலை ஷிஃப்ட், ஆஸ்பத்திரி டூட்டி என்று விடிவதற்கு முன்பே கிளம்பியாக வேண்டும். முதல் பஸ் வருவதற்குள் வேலைக்குப் போய்ச்சேர வேண்டியவர்களுக்கு டூவீலர்தான் வழி.

உடைந்துகிடக்கும் எஸ்டேட் ரோட்டில் சாதாரண பைக்கும் ஸ்கூட்டரும் படும் பாட்டைப் பார்த்தவர்கள், ஒரு ட்ரெயில் பைக் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைப்பது இயல்பு. புதிது வாங்கக் காசு இல்லாவிட்டால் செகண்ட் ஹேண்ட். சரி, அது நிஜமாகவே உதவுமா?

உதவும். ஆனால், அந்த பைக்கின் உயரமும் பெரிய சக்கரமும் பள்ளத்தில்தான் காப்பாற்றும். பனி ஈரத்தில் காப்பாற்றுவது பிரேக், டயர், ஓட்டுகிறவரின் நிதானம் இந்த மூன்றும்தான்.

மார்க்கெட்டில் என்ன கிடைக்கும்?

பழைய ட்ரெயில் பைக் என்று தேடினால் பெரும்பாலும் மூன்று பெயர்கள் கண்ணில் படும்.

ஹீரோ இம்பல்ஸ்: 2011-ல் வந்த 150 சிசி பைக். எடை குறைவு, எளிமையான இன்ஜின். தயாரிப்பு நின்று சில வருடங்கள் ஆகிவிட்டதால், உதிரிபாகம் கிடைக்குமா என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஏபிஎஸ் கிடையாது.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200: 2019-ல் அறிமுகமானது. சுமார் 18 குதிரைத்திறன், 220 மி.மீ கிரவுண்ட் கிளியரன்ஸ். முன்சக்கரத்துக்கு ஏபிஎஸ் உண்டு.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411: 2016-ல் வந்தது. மேட்டில் இழுவைக்குக் குறையில்லை. ஆனால், எடை 190 கிலோவைத் தாண்டும். சரிவில் ஒருமுறை சாய்ந்துவிட்டால் தனி ஆளாகத் தூக்கி நிறுத்துவது கஷ்டம்.

தினமும் பனியில் போகிறவர்கள் ஏபிஎஸ் உள்ள வண்டியையே தேடுவது நல்லது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா புது பைக்குகளிலும் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டது. அதனால் தயாரிப்பு ஆண்டை ஆர்.சி-யில் பாருங்கள்.

மலைக்கு ஏற்றபடி கணக்குப் போடுங்கள்

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு என்பதால், டர்போ இல்லாத எந்த இன்ஜினும் அங்கே தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். கோவையில் சுறுசுறுப்பாக ஓடிய 150 சிசி பைக், மலையேறியதும் சோர்ந்துபோவது இதனால்தான். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகிவிடும். பிளக் கறுக்கும், மைலேஜும் குறையும். சமவெளியில் வாங்கிய கார்புரேட்டர் பைக்கை மலைக்குக் கொண்டுவந்ததும் ஒருமுறை டியூன் செய்துவிடுங்கள். எஃப்ஐ வண்டிகள் ஓரளவுக்குத் தாமே சரிசெய்துகொள்ளும்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், காலையில் போய்ப் பாருங்கள். 'நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்' என்று முன்பே சொல்லிவிட்டு, போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம்.

அடுத்து, முன் ஃபோர்க். பளபளக்கும் குழாயில் துருப்புள்ளிகள் இருந்தால் ஆயில் சீல் தாங்காது. கசியும் ஆயில் டிஸ்க்கில் இறங்கினால் பிரேக்கே பிடிக்காது. ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டினால் ஒரே மாதிரி ஒலி வர வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த ஸ்போக். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது நடுவில் எங்காவது சிக்கினால் கோன் செட் போய்விட்டது என்று அர்த்தம். இன்ஜின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கலாம். அடிப்பகுதியில் இருக்கும் பாதுகாப்புத் தகட்டில் நசுங்கல் இருந்தால், ஃபிரேமின் வெல்டிங் இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள்.

டயர் விஷயத்தில் ஆழமான பட்டன் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரிய பட்டன் டயர் சேற்றுக்குத்தான் நல்லது. ஈரத் தார் ரோட்டில் அது தொடும் பரப்பு குறைவு, பிடிப்பும் குறைவு. வேலைக்குப் போக, இரண்டு வகை ரோட்டுக்கும் பொருந்தும் டயரே சரி. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும், குளிரில் இன்னும் இறுகும்.

பேசிய விலைக்கு மேல் டயர், பிரேக் பேட், செயின் செட், பேட்டரி, நல்ல கையுறை இவற்றுக்குத் தனியாகப் பணம் எடுத்துவையுங்கள். அதற்கு மிஞ்சாது என்றால், இன்னும் விலை குறைவான வண்டியைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

பேப்பரில் கோட்டைவிடாதீர்கள்!

பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30 இரண்டும் வேண்டும். கடனில் எடுத்த வண்டியென்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும் ஃபார்ம் 35-ம் தேவை. கூடலூர் பக்கம் கேரளா, கர்நாடகா பதிவெண் வண்டிகள் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுப்பவர்கள், அங்குள்ள ஆர்.டி.ஓ-வின் தடையில்லாச் சான்றும் இங்கே கட்ட வேண்டிய சாலை வரியும் உண்டு என்பதை விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆர்.சி 15 வருடங்களுக்குத்தான் செல்லும். 2011, 2012 மாடல் இம்பல்ஸ் வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். வண்டி கைமாறிய 14 நாள்களுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். மாற்றாமல் விட்டால், உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு க்ளெய்ம் கிடைப்பது சிக்கலாகிவிடும்.

பனிக்காலத்தில் இப்படி ஓட்டுங்கள்

* ஸ்டார்ட் செய்ததும் முறுக்காதீர்கள். இறுகிய ஆயில் இளகி மேலே ஏற ஓரிரு நிமிடம் கொடுங்கள்.

* மதியம் 20 டிகிரியில் பிடித்த காற்று, விடியற்காலை 2 டிகிரியில் சுமார் 2 பி.எஸ்.ஐ குறைந்துவிடும். காலையில், ஓட்டுவதற்கு முன்பு அழுத்தத்தைச் சரிபாருங்கள்.

* குளிர்ந்த காற்று கனமானது. அது பள்ளத்தில் போய்த் தேங்கும். மேட்டில் ரோடு காய்ந்திருந்தாலும், கீழே ஓடைப் பாலத்திலும் வெயில் படாத வளைவிலும் ஈரமும் பாசியும் இருக்கும். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

* பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை ஆஃப் செய்து நியூட்ரலில் விடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதேபோல, ஈரத்தில் சட்டென்று கியரைக் குறைத்தாலும் பின்சக்கரம் வழுக்கும்.

* குன்னூர், கோத்தகிரி பக்கம் மூடுபனிக்குள் காட்டெருமை நிற்கலாம். ஹெட்லைட் வெளிச்சம் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே சரியான வேகம்.

* 5 டிகிரி குளிரில் 40 கி.மீ வேகத்தில் போனால், காற்று அடித்து, உடம்புக்கு அது கிட்டத்தட்ட 0 டிகிரி போலத் தெரியும். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்கும் நேரம் தாமதமாகும். அதனால் காற்று புகாத கையுறை அவசியம்.

* இந்த பைக்குகளில் பெரும்பாலும் ஸ்போக் சக்கரம், டியூப் டயர். விடியற்காலையில் பஞ்சர் கடை திறந்திருக்காது. ஒரு டியூப், லீவர், கைப்பம்பு எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

யாருக்கு வேண்டாம்?

வீட்டிலிருந்து வேலை செய்யும் இடம் வரை நல்ல தார் ரோடுதான் என்றால், டிஸ்க் பிரேக்கும் நல்ல டயரும் உள்ள சாதாரண பைக்கே போதும். உயரம் குறைவானவர்கள் கட்டாயம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எக்ஸ்பல்ஸின் சீட் உயரம் 823 மி.மீ, இம்பல்ஸ் அதைவிடவும் உயரம். சமதளத்தில் கால் எட்டுகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சரிவான ரோட்டில் நிறுத்தி, பள்ளத்துப் பக்கம் கால் ஊன்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வண்டி உங்களுக்கானது இல்லை.