பூனையின் கண்ணோய்க்கு லைசின் பயன் தருமா?

நெல்லும் பயறும் சேமித்து வைக்கும் வீடுகளில் எலித் தொல்லைக்காகப் பூனை வளர்ப்பது நெடுநாளைய வழக்கம். அப்படி வளரும் பூனை குட்டி ஈன்ற சில வாரங்களில் குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தும்மத் தொடங்கும். மூக்கு ஒழுகும். கண்ணில் பூளை தள்ளி, காலையில் பார்த்தால் இமைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கவனிக்காமல் விட்டால் கருவிழியில் புண் உண்டாகி, குட்டி ஒரு கண்ணையோ இரு கண்களையோ இழந்துவிடும். வீதியில் திரியும் ஒற்றைக் கண் பூனைகளில் பல இந்நோயில் தப்பிப் பிழைத்தவையே.

இதற்கு முக்கியக் காரணம் பூனை ஹெர்பிஸ் வைரஸ். இது 1957-ல் அமெரிக்காவில் முதன்முதலாகப் பிரித்தறியப்பட்டது. பூனை இனத்தைத் தவிர மனிதருக்கோ ஆடு மாடுகளுக்கோ நாய்க்கோ இது பரவுவதில்லை. காலிசி வைரஸ் போன்ற வேறு கிருமிகளாலும் ஏறக்குறைய இதே அறிகுறிகள் தோன்றலாம். நோய் தீர்ந்த பின்னும் ஹெர்பிஸ் வைரஸ் உடலை விட்டு நீங்குவதில்லை என்பதே இதிலுள்ள சங்கடம். முகத்துக்குச் செல்லும் நரம்பின் முடிச்சில் அது ஆயுள் முழுதும் ஒளிந்திருக்கும். இடம் மாற்றம், நெரிசல், குட்டிக்குப் பாலூட்டும் காலத்துச் சோர்வு முதலியவற்றால் பூனை நலிந்தால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் வைரஸ் மீண்டும் வெளிப்படும். தாய் நன்றாக இருக்கக் குட்டிகளுக்கு நோய் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்தத் தாயிடமே இருக்கும்.

இந்நோய்க்கு லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பொடியாகவும் பசையாகவும் பூனைக்குக் கொடுக்கும் பழக்கம் இன்று பல நாடுகளிலும் பரவியிருக்கிறது. கோழிப் பண்ணையாளர்களுக்கு லைசின் புதியதன்று. மக்காச்சோளத்தில் அது குறைவு என்பதால் கோழித் தீவனத்தில் சேர்க்கிறார்கள். அங்கே அது வளர்ச்சிக்கான சத்து. பூனைக்கு அதை மருந்தென்று கொடுப்பதற்குக் காரணம் வேறு.

ஹெர்பிஸ் இன வைரஸ்கள் பெருகுவதற்கு ஆர்ஜினின் என்ற மற்றோர் அமினோ அமிலம் தேவை. மனித ஹெர்பிஸ் வைரஸைப் பற்றிய இந்த உண்மை 1964-ல் வெளியான ஆய்வில் தெரிய வந்தது. லைசினும் ஆர்ஜினினும் ஒன்றோடொன்று போட்டியிடுபவை. ஆகவே லைசினை மிகுதியாகக் கொடுத்தால் ஆர்ஜினின் குறையும், ஆர்ஜினின் குறைந்தால் வைரஸ் பட்டினி கிடக்கும் என்று எண்ணினார்கள். கோழியைப் பொறுத்தவரை இதன் முற்பாதி மெய்தான். கோழிக் குஞ்சுக்கு அளவு மீறி லைசின் கொடுத்தால், அதன் சிறுநீரகத்தில் ஆர்ஜினினைச் சிதைக்கும் நொதி கூடுகிறது. குஞ்சு வளர்ச்சி குன்றுகிறது. தீவனம் கலப்போர் இவ்விரண்டின் விகிதத்தைக் கவனிப்பது இதனாலேயே.

ஆனால் பூனை கோழியன்று. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில் வளர்ந்த பூனைகளுக்கு மிக அதிக அளவில் லைசின் கொடுத்துப் பார்த்தும், இரத்தத்தில் ஆர்ஜினின் குறையவில்லை. ஒரு வகையில் இது நல்லதே. ஆர்ஜினின் அறவே இல்லாத உணவை ஒரு வேளை உண்டாலும் சில மணி நேரத்தில் பூனையின் இரத்தத்தில் அம்மோனியா ஏறி, உயிருக்கே ஆபத்தாகும் என்பது கலிபோர்னியாவில் 1978-ல் மெய்ப்பிக்கப்பட்டது. வைரஸைப் பட்டினி போடும் அளவுக்கு ஆர்ஜினினைக் குறைத்தால் வைரஸுக்கு முன்னே பூனை போய்விடும்.

அப்படியானால் லைசினுக்கு ஆதரவு எங்கிருந்து வந்தது? 2000-ல் கண்ணாடிக் கலத்தில் வளர்த்த பூனைச் செல்களில் லைசின் வைரஸைக் கட்டுப்படுத்தியது. ஆனால் வளர்ப்பு நீரில் ஆர்ஜினின் மிகவும் குறைவாக இருந்தபோதுதான் அப்படி நிகழ்ந்தது. 2002-ல் எட்டுப் பூனைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. நோய்க்கிருமி செலுத்துவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்தே நாள்தோறும் இருவேளை 500 மில்லிகிராம் லைசின் பெற்ற பூனைகளுக்குக் கண்ணழற்சி சற்றுக் குறைவாக இருந்தது. வைரஸ் வெளிப்படுவதில் வேறுபாடில்லை. எட்டுப் பூனைகளில் பாதிக்கு லைசின், பாதிக்கு வெறும் பொடி. இவ்வளவு சிறிய சோதனையின் மீது இவ்வளவு பெரிய வாணிபம் எழுந்தது வியப்பே. மறு ஆண்டு வெளியான மற்றொரு சிறு ஆய்விலும் ஓரளவு பயன் தென்பட்டது.

பெரிய சோதனைகள் வேறு விதமாகப் பேசின. 2007-ல் நோய் நிலைத்திருந்த 50 பூனைகளுக்குச் சாதாரண உணவும் லைசின் கூட்டிய உணவும் பிரித்துக் கொடுத்து 52 நாட்கள் பார்த்தார்கள். லைசின் பெற்ற கூட்டத்தில்தான் நோய் கடுமையாக இருந்தது. நோய் உச்சத்தில் இருந்தபோது பூனைகள் உணவைக் குறைத்துக்கொண்டதால், தேவைப்பட்ட வேளையில் லைசின் உள்ளே போகவில்லை என்று அந்த ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில் அந்தக் குறை இல்லை. ஆதரவற்ற பூனைகளின் காப்பகம் ஒன்றில் 144 பூனைகளுக்கு நாள்தோறும் நேரடியாக வாயில் கொடுத்தார்கள். குட்டிக்கு 250, பெரியதற்கு 500 மில்லிகிராம். பயனில்லை. 2009-ல் 261 காப்பகப் பூனைகளிடையே லைசின் கலந்த உணவு உண்டவற்றில் நான்காம் வாரம் நோய் கூடுதலாகவே காணப்பட்டது. இவை அனைத்தையும் தொகுத்து ஆராய்ந்த 2015-ஆம் ஆண்டுக் கட்டுரை, லைசின் கொடுப்பதை உடனே நிறுத்த வேண்டும் என்று திட்டவட்டமாகக் கூறியது.

இருந்தும் பலர் அதை விடுவதில்லை. 'எங்கள் பூனைக்குக் கொடுத்தோம், பத்து நாளில் சரியாயிற்று' என்பார்கள். எளிய தாக்குதலாக இருந்தால் கொடுக்காத பூனைக்கும் பத்து, பதினைந்து நாளில் சரியாகிவிடும். பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும். பொடி வேலை செய்யும் என்று காத்திருக்கும் அந்தச் சில நாட்களில்தான் கருவிழிப் புண் ஆழமாகிறது.

கண்ணைத் திறக்க முடியாமல் இடுக்கிக்கொண்டிருந்தாலும், கருவிழி மங்கித் தெரிந்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் சாயமிட்டுப் புண் உள்ளதா என்று பார்ப்பார். வீட்டில் மிஞ்சிய ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு மருந்தை விடவே கூடாது, புண் பெருகும். இந்த வைரஸின் மீது வேலை செய்யும் மாத்திரை பாம்சைக்ளோவிர். எடைக்கேற்ற அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். அதே இனம்தானே என்று மனிதருக்கு வாங்கிய வாலாசைக்ளோவிர் மாத்திரையைக் கொடுத்தால் பூனை பிழைக்காது. காய்ச்சலுக்கென்று பாரசிட்டமால் கொடுப்பதும் அப்படியே. ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும்.

ஒட்டிய இமைகளைக் கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து, மெல்லத் துடைத்துத் திறக்கலாம். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு வேண்டும். மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாததால் உணவைத் தொடாது. மீனையோ கோழி இறைச்சியையோ மசித்து, இளஞ்சூடாக வைத்தால் தின்னக்கூடும். நோயுற்ற குட்டியைத் தனியே வைத்து, அதன் தட்டையும் விரிப்பையும் சோப்பு நீரில் கழுவி வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரத்தில் இவ்வைரஸ் 18 மணி நேரம் வரை இருக்கும்; உலர்ந்தால் விரைவில் அழியும்.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தடுப்பூசி தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வீதம் 16 வாரம் வரை போடலாம். தடுப்பூசி வைரஸ் தொற்றுவதை முற்றும் தடுப்பதில்லை. நோயின் கடுமையைக் குறைக்கும். ஈனப்போகும் தாய்ப் பூனைக்கு இரைச்சலும் பிற பூனைகளின் நடமாட்டமும் இல்லாத ஒரு மூலையை ஒதுக்கி, குட்டிகள் பால் மறக்கும் வரை இடம் மாற்றாமல் விட்டு வைப்பது நல்லது.