குழந்தைகளின் கொழுப்பு மலம்: காரணங்காணல் பற்றி ஒரு குறிப்பு

இளங்குழந்தையொன்று வெளிறிய, அளவிற் பெருத்த, எண்ணெய்ப்பசையும் கடும் நாற்றமும் கொண்ட மலத்தைத் தொடர்ந்து கழித்து, உண்டும் உடல் தேறாதிருக்குமாயின், தாயின் கவனக்குறைவே காரணமெனக் கூறுதல் எளிது. வறுமையையே ஒரே விடையாகக் கொள்ளும் முற்போக்காளரும் சிலவேளை இதே எளிமைக்கு ஆளாகின்றனர். கொழுப்பு மலம் தன்னளவில் ஒரு நோயன்று. கொழுப்பின் சமிபாட்டிலோ அகத்துறிஞ்சலிலோ நேர்ந்த தடையின் அறிகுறியே அது.

சதையி சுரக்கும் இலிப்பேசு என்னும் நொதியம் கொழுப்பைப் பிளக்கின்றது. ஈரல் தரும் பித்தம் அதற்குத் துணைபுரிகின்றது. சிறுகுடலின் சடைமுளைகள் பிளந்ததை உறிஞ்சுகின்றன. எனவே தடையும் இம்மூன்று இடங்களில் நேரலாம். சிஸ்ரிக் பைபுரோசிஸ் என்னும் பரம்பரை நோயில், தடித்த சளி சதையியின் கான்களை அடைக்கின்றது. 1938இல் டொரத்தி அண்டர்சன் இதனைத் தனிநோயாக வேறுபடுத்தினார். பித்தக்கான் அடைபட்ட சிசுவிலே வெளிறிய மலத்துடன் நீடித்த மஞ்சட்காமாலையும் காணப்படும். அங்கு வாரங்கள் தாமதிப்பினும் ஈரல் கெடும். சிறுகுடலைத் தாக்கும் ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணி அசுத்த நீரினால் வருவது. நல்ல நீர் யாருக்குக் கிடைக்கின்றது என்ற வினாவை மருத்துவத்திலிருந்து இங்கு பிரிக்கவியலாது.

சடைமுளைகள் சிதையும் சீலியாக் நோயின் வரலாறு மேலும் சிந்திக்கத்தக்கது. 1888இல் இலண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ, இந்நோய் குணமாகுமாயின் அது உணவினாலேயே ஆகும் என்றார். எனினும் அவர் விதித்த உணவில் மெல்லியதாக வெட்டி வாட்டிய பாணும் இருந்தது. காரணமே மருந்தாக வழங்கப்பட்டது. நெதர்லாந்தின் ஹேக் நகரக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கெ, போருக்கு முன்னரே கோதுமையை ஐயுற்று, 1941இல் பாணற்ற உணவைப் பரிந்துரைத்தார். 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் நாசி ஆக்கிரமிப்பின்கீழ் பாண் அருகியபோது இந்நோயுற்ற குழந்தைகள் தேறினர் என்பர். ஆயின் பஞ்சம் தானாக எதனையும் நிறுவவில்லை. மலத்திலுள்ள கொழுப்பை அளக்கும் முறையை வன் டி காமர் குழுவினர் 1949இல் வெளியிட்டனர். கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும் கழியும் கொழுப்பை ஒப்பிட்டபோதே ஐயம் அறிவாயிற்று. டிக்கெயின் ஆய்வேடு 1950இல் வெளிவந்தது. கோதுமையின் குளூட்டன் என்னும் புரதமே தீங்கிழைப்பதெனப் பின்னர் தெளிவாயிற்று.

சமுதாய நெருக்கடி ஒன்றை வெளிச்சமிடலாம். அதனை அறிவாக்குவது முறைசார்ந்த உழைப்பே என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. நோயை உடலுக்குள் மட்டும் தேடுவோர் நீரையும் உணவையும் காணார். சமுதாயத்தில் மட்டும் தேடுவோர் அடைபட்ட பித்தக்கானைக் காணார். இரண்டிலும் இழப்பவள் குழந்தையே.

ஆகவே இத்தகைய மலம் நீடிப்பின், தாயைக் குறைகூறுவதை விடுத்துக் குழந்தையைச் சோதனைக்கு உட்படுத்தல் வேண்டும். சீலியாக் குருதிச் சோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்துதலும் கூடாது. நிறுத்தின் முடிவு பிழைக்கும். இச்சோதனைகள் வசதி படைத்தோரின் குழந்தைகளுக்கு மட்டுமன்றி எல்லாக் குழந்தைகளுக்கும் எட்டுதல் வேண்டும் என்ற கோரிக்கை, மருத்துவத்துக்குப் புறம்பானதன்று. காரணங்காணலின் இறுதிப்படி அதுவே.