பகைமை கடந்த வீரர்

ஸ்காத்லாந்து நாட்டின் தலைநகராகிய எடின்பரோவில் 1919ஆம் ஆண்டு பிறந்தவர் எரிக் லோமாக்ஸ். பெற்றோர்க்கு ஒரே மகன். இளமையிலேயே அவருக்கு நீராவி வண்டிகளின்மேல் அளவிறந்த காதல் உண்டாயிற்று. பாலங்களின்மேலும் நிலையங்களிலும் நின்று, புகை கக்கி வரும் வண்டிகளைக் கண்டு களிப்பதே அவர்தம் பொழுதுபோக்கு. பதினாறாம் வயதில் பள்ளியை விட்டு, அஞ்சல் நிலையத்தில் அமர்ந்து தந்தித் தொழில் பயின்றார். இருப்புப்பாதையின்மேல் கொண்ட விருப்பமும், செய்தித்தொடர்புக் கலையில் பெற்ற பயிற்சியும் அவரை எத்தகைய இடத்திற்குக் கொண்டு செல்லும் என்பதை அந்நாளில் எவரே அறிந்திருத்தல் கூடும்!

1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. படையின் செய்தித்தொடர்புப் பிரிவில் சேர்ந்த லோமாக்ஸ், துணைத்தளபதி நிலைக்கு உயர்ந்து மலேயாவிற்கு அனுப்பப்பெற்றார். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆங்கிலேயர், இந்தியர், ஆஸ்திரேலியர் எனப் பல நாட்டு வீரரும் படைக்கலங்களைக் கீழே வைத்தனர். அவருள் ஒருவராய் லோமாக்ஸும் போர்க்கைதி ஆனார்.

போர்க்கைதி என்பான் குற்றவாளி அல்லன். அவனை எங்ஙனம் நடத்துதல் வேண்டும் என்பது 1929ஆம் ஆண்டு ஜெனிவா நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையில் வரையறுக்கப்பட்டுள்ளது. போரோடு நேரே தொடர்புடைய வேலையில் அவனை ஈடுபடுத்தலாகாது. செய்தி பெறும்பொருட்டு அவனைத் துன்புறுத்தலாகாது. ஜப்பான் அதிற் கையெழுத்திட்டிருந்தும், அதனை முறைப்படி ஏற்று உறுதி செய்யவில்லை.

பர்மாவில் இருந்த தன் படைக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது ஜப்பானுக்கு இடர்மிக்கதாயிற்று. நீர்மூழ்கிகள் வழிமறித்துத் தாக்கின. ஆதலால், தாய்லாந்திலிருந்து பர்மாவரை, மலையும் காடும் ஊடுருவி ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இருப்புப்பாதை ஒன்று அமைக்கத் துணிந்தனர். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. பாறையை உடைக்கவும் மண்ணைச் சுமக்கவும் மனிதர் கையே கருவியாயிற்று. 60,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகள் அங்கே உழைத்தனர். அவருள் 12,000க்கு மேற்பட்டோர் பசியாலும், வாந்திபேதியாலும், முறைக்காய்ச்சலாலும், அடியாலும் மாண்டனர்.

தமிழர் இவ்விடத்திற் சற்றே நின்று எண்ணுதற்குரிய செய்தி ஒன்றுண்டு. அப்பாதையில் உழைத்தவர் வீரர் மட்டுமல்லர். பர்மியர், மலாய்க்காரர், சாவகர் முதலியோரோடு, மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் பெருந்தொகையினர். கூலி தருவதாகச் சொல்லி அழைக்கப்பட்டவர் சிலர். வலிந்து பிடித்துச் செல்லப்பட்டவர் பலர். மருத்துவரும் மருந்தும் இன்றி இறந்த ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் இருக்கலாம் எனக் கணிக்கின்றனர். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் வீரர்தம் பெயர் பொறித்த கற்கள் வரிசையாய் நிற்கின்றன. தொழிலாளருட் பெரும்பாலோர்க்குப் பெயருமில்லை, கல்லுமில்லை.

லோமாக்ஸ் வைக்கப்பட்டிருந்த இடமும் அக்காஞ்சனபுரியே. அங்கே கைதிகள் சிலர் மறைவாக ஒரு வானொலிப் பெட்டியை அமைத்து, போர்ச் செய்திகளைக் கேட்டு வந்தனர். நம்பிக்கை ஒன்றே உணவாயிருந்த அந்நிலையில் அச்செய்திகளின் அருமை சொல்லுந்தரத்தது அன்று. லோமாக்ஸ் தம் பழைய காதலை விடாதவராய், அவ்விருப்புப்பாதையின் படம் ஒன்றையும் வரைந்து ஒளித்து வைத்திருந்தார். 1943 ஆகஸ்டில் வானொலி அகப்பட்டது. தொடர்புடைய அதிகாரிகளை இரவெல்லாம் தடியால் அடித்தனர், இருவர் இறந்தனர். லோமாக்ஸின் கைகள் முறிந்தன. பின்னர் அவ்வரைபடமும் அகப்பட்டது. நாள்தோறும் விசாரணை, முறிந்த கைகளோடு கிடந்தவரின் வாயிலும் மூக்கிலும் நீரைப் பாய்ச்சினர். கேள்விகளை ஆங்கிலத்தில் எடுத்துரைத்தவர் நாகாசே தகாஷி என்னும் இளைய மொழிபெயர்ப்பாளர். அடித்தவர் முகங்கள் மங்கினும், இடைவிடாது கேள்வி கேட்ட அக்குரல் மட்டும் லோமாக்ஸின் நெஞ்சிற் பதிந்துவிட்டது. பின்னர் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்று, சிங்கப்பூரில் வாய் திறந்து பேசுதலும் குற்றமெனக் கொள்ளப்பட்ட அவுட்ராம் சாலைச் சிறையில் அடைபட்டார்.

1945இல் போர் முடிந்து விடுதலை கிடைத்தது. தாய்நாடு திரும்பியவரை வரவேற்கத் தாய் இல்லை. மகன் சிறையுற்றிருந்த காலத்திலேயே அவ்வம்மையார் மறைந்துவிட்டார். லோமாக்ஸ் சில ஆண்டுகள், இன்று கானா எனப்படும் பொன் கடற்கரை நாட்டில் அலுவல் பார்த்தார்; பின்னர் ஸ்காத்லாந்தில் பல்கலைக்கழக ஆசிரியரானார். புறத்தே நோக்குவார்க்கு அது செம்மையான வாழ்வாகவே தோன்றும். ஆயினும் சிறைக்கதவு திறந்ததேயன்றிச் சிறை அகலவில்லை. இரவிற் கொடுங்கனவு, பகலிற் சிறு மாறுபாடு நேரினும் முகம் இறுகி வாய் மூடிவிடுவார். பட்டதை எவரிடமும் கூறினார் அல்லர். முதல் மணம் முறிந்தது. 1980இல் இரயில் பயணத்தில் அறிமுகமான பாட்டி என்னும் பெண்மணியைப் பின்னர் மணந்தார். கணவரின் மௌனத்துக்குள் கிடந்த புண்ணை அவரே கண்டறிந்தார். சித்திரவதைக்கு உட்பட்டோரைப் பேணும் மருத்துவ நிறுவனம் ஒன்று இலண்டனில் இருந்தது. அங்கே லோமாக்ஸ் முதன்முறையாக மனந்திறந்து பேசினார்.

1989இல் நண்பர் ஒருவர் ஜப்பானியச் செய்தித்தாளில் வெளியான கட்டுரை ஒன்றை அவருக்குக் கொடுத்தார். அதில் இருந்த முதியவர் அம்மொழிபெயர்ப்பாளரே! போர் முடிந்தபின், மாண்ட கைதிகளின் புதைகுழிகளைத் தேடிச் சென்ற குழுவிற்கு நாகாசே துணைபுரிந்தார். அக்குழிகளைக் கண்ட நாள்முதல் கழிவிரக்கம் அவரை வாட்டிற்று. பன்முறை தாய்லாந்து சென்று வழிபட்டு, 1986இல் அப்பாலத்தருகே பௌத்தக் கோயில் ஒன்றும் எழுப்பினார். துன்புற்ற ஓர் ஆங்கில அதிகாரியின் உருவம் தம்மை விட்டு அகலாததை அவர் எழுதியிருந்தார்.

அதனைப் படித்தவுடன் லோமாக்ஸ் உள்ளம் குளிர்ந்துவிடவில்லை. பழிவாங்கும் எண்ணமே அவரிடம் முதலில் மேலோங்கிற்று. அவரே அதனை ஒளியாமல் எழுதியுள்ளார். அவர்தம் மனைவியாரே நாகாசேக்கு மடல் எழுதினார். வந்த மறுமொழியிற் பொய்யின்மை கண்டு, லோமாக்ஸின் நெஞ்சு சிறிது சிறிதாக நெகிழலாயிற்று.

1993இல் காஞ்சனபுரியில், அவ்விருப்புப்பாதைப் பாலத்தின் அருகே இருவரும் சந்தித்தனர். நாகாசே உடல் நடுங்கக் கண்ணீர் சொரிந்து தலைதாழ்த்தினார். லோமாக்ஸ் ஜப்பானிய மொழியிலேயே காலை வணக்கம் கூறி நலம் வினவினார். அழுதவரைத் தேற்றும் பொறுப்பும் அவருக்கே வாய்த்தது. பின்னர் ஜப்பான் சென்றபோது, நிகழ்ந்ததை மறக்க இயலாது, எனினும் முழுமனத்தோடு மன்னிக்கின்றேன் என்னும் கருத்தமைந்த மடலை அவர் கையிற் கொடுத்தார். மறதியும் மன்னிப்பும் ஒன்றல்ல என்பதை அவர் தெளிவுறப் பிரித்துணர்ந்தமை காண்க. வெகுளாமையைத் திருவள்ளுவர் துறவறவியலில் வைத்தார். இல்லறத்தில் இருந்துகொண்டே அதனை எய்தினார் இவர். ஆயின், அதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின.

தம் வரலாற்றை லோமாக்ஸ் 1995இல் நூலாக வெளியிட்டார். இருவரும் இறுதிவரை நண்பராகவே இருந்தனர். நாகாசே 2011இலும், லோமாக்ஸ் 2012இலும் மறைந்தனர். அப்பாதையின் பெரும்பகுதி போருக்குப்பின் பெயர்க்கப்பட்டுக் காடாகிவிட்டது. தாய்லாந்துப் பக்கத்தில் எஞ்சிய சிறுபகுதியில், காஞ்சனபுரிப் பாலத்தைக் கடந்து இன்றும் வண்டிகள் ஓடுகின்றன.