பழைய லேப்டாப்பில் ஒரு வெள்ளோட்டம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் கணினியாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். 2014-இல் வாங்கிய லேப்டாப்பில் அது இருக்காது. திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டு நன்றாக இருக்கிறது. அப்படிப்பட்ட கணினியைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன், லினக்ஸைப் போட்டுப் பார்க்கலாம்.

லினக்ஸ் என்று தேடத் தொடங்கியதும் நூறு பெயர்கள் வந்து நிற்கும். புதியவர்கள் மிரண்டுபோவது இங்கேதான். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது லினக்ஸ் கெர்னல். வண்டிக்கு எஞ்சின் போல. அந்த எஞ்சினை வைத்து யார் வேண்டுமானாலும் வண்டி கட்டலாம். 1993-இல் டெபியன் வந்தது. அதன்மேல் 2004-இல் உபுண்டு எழுந்தது. உபுண்டுவின்மேல் 2006-இல் லினக்ஸ் மின்ட். எல்லாம் இலவசம், நிரல்களும் திறந்தே கிடக்கின்றன.

முதன்முதலாக வருபவருக்கு மின்ட்தான் பொருத்தம். காரணம் எளிது: விண்டோஸ் பழகிய கை தேடும் இடத்திலேயே எல்லாம் இருக்கிறது. இடதுகீழ் மூலையில் மெனு, வலதுகீழ் மூலையில் கடிகாரமும் வைஃபையும். ஃபயர்பாக்ஸும் லிப்ரே ஆஃபீஸும் கூடவே வந்துவிடும். மின்டிலேயே மூன்று வகை உண்டு. 4 ஜிபி அல்லது அதற்கு மேல் ரேம் இருந்தால் சினமன். அதைவிடக் குறைவென்றால் எக்ஸ்எஃப்சிஇ. மேட் இவ்விரண்டுக்கும் நடுவில். 2024-இல் வெளியான மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட்கள் வரும்.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் அந்நியமில்லை. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தில்தான் கணினி பயில்கிறார்கள். பிள்ளைகளுக்கு வருவது பெரியவர்களுக்கு வராதா என்ன?

யார் சொல்வதையும் நம்பி நிறுவிவிட வேண்டாம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, எட்சர் என்ற இலவச மென்பொருளால் பென்டிரைவில் எழுதிக்கொள்ள வேண்டும். கணினியை அணைத்துப் போடும்போது பெரும்பாலும் எஃப்12-ஐ (எச்பி என்றால் எஃப்9) அழுத்தி, பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் அதிலிருந்தே இயங்கும். ஹார்டு டிஸ்கில் எதுவும் மாறாது. வேகம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். அதை வைத்து எடைபோடக் கூடாது. வைஃபை கிடைக்கிறதா, ஸ்பீக்கர் ஒலிக்கிறதா, வெப்கேமில் முகம் தெரிகிறதா, பிரிண்டர் காகிதத்தை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில பழைய லேப்டாப்களில் வைஃபை எடுக்காது. அப்போது போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து இணையம் கொடுத்து, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பல நேரம் சரியாகிவிடும்.

சிலர் மாறாமல் இருப்பதே நல்லது. கடைக் கணக்கு டாலியில் இருந்தாலோ, தொழில் ஃபோட்டோஷாப்பை நம்பி இருந்தாலோ விண்டோஸ் வேண்டும். வேலரன்ட் விளையாடும் பையனுக்கும் அப்படித்தான்.

தமிழ்த் தட்டச்சுக்குக் குறையில்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்கள் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பையும் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் எழுத்துக்கள் குழம்பித் தெரியும்.

வெள்ளோட்டம் பிடித்துப்போனால், நிறுவும்போது முக்கியமாக இரண்டு வழிகள் காட்டப்படும்: விண்டோஸுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக்கொள்வது, டிஸ்கை முழுவதும் அழித்துவிட்டு மின்டை மட்டும் வைப்பது. இரண்டாவதை அழுத்தினால் பழைய கோப்புகள் போனவைதான். எந்த வழியானாலும் முதல் நாளே கல்யாணப் படங்களையும் பத்திர நகல்களையும் வெளி ஹார்டு டிஸ்கில் ஏற்றி, வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட வேண்டும்.