சலங்கையும் பட்டமும்

கலையைக் கற்பது ஒன்று. கற்ற கலையால் வாழ்வது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை அளந்தறிந்து அடியெடுத்து வைப்பவரே நெடுந்தூரம் செல்வர். பல்கலைக்கழகத்தில் நாட்டியம் பயில விரும்பும் மாணவ மாணவியர் முதலில் எண்ண வேண்டியது இதுவே.

திருப்பூர், அவிநாசி, பல்லடம் முதலிய ஊர்களில் இவ்வெண்ணம் இன்னும் கூர்மையாக எழும். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்தே செல்கிறது. தையல் பழகிய கைக்கு இங்கே வாரந்தோறும் கூலி உண்டு. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளை, "நாட்டியம் படிக்கப் போகிறேன்" என்றால், "அது சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பது இயல்பே. அக் கேள்வியை இகழ்ந்து ஒதுக்கலாகாது. உழைத்து உண்பவர் கேட்கும் நேர்மையான கேள்வி அது. நேர்மையான விடையும் அதற்கு வேண்டும்.

பல்கலைக்கழகம் எதைத் தராது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். பட்டம் ஒன்றே ஒருவரை ஆடற் கலைஞராக்கிவிடாது. அரைமண்டி உடலில் படியவும், அடவுகள் மூன்று காலத்திலும் தாளம் பிசகாமல் அமையவும் பல ஆண்டுகள் ஆகும். தஞ்சை நால்வர் எனப் போற்றப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய முறையே இன்றும் மேடையில் நிலவுகிறது. குருவின் எதிரே, தட்டுக்கழியின் ஓசைக்கு நாள்தோறும் ஆடி ஆடியே அதனைப் பெற வேண்டும். மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ், அந்த நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் பல ஆண்டுகள் உடனிருந்து பயின்றவர். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவ்விருதின் பின்னே நின்றது அந்த நீண்ட பயிற்சி.

ஆகவே பள்ளிப் பருவத்திலேயே தொடங்குதல் நலம். ஈரோடு, கரூர் ஆகிய அண்டை நகரங்களில் உள்ள மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் பரதநாட்டியத்துக்கு 3 ஆண்டுச் சான்றிதழ்ப் பயிற்சி உண்டு. 10 முதல் 14 வயது வரையுள்ள சிறுவர்க்கும், 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்க்கும் மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டங்கள் இருக்கின்றன. மேற்படிப்புக்குக் கோயம்புத்தூரை அடுத்த மலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. இசைக்கும் கவின்கலைக்கும் என்றே சென்னையில் 2013இல் ஒரு பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டது.

அப்படியானால் பல்கலைக்கழகம் தருவது யாது? ஆடுகின்ற காலுக்கு ஆராய்கின்ற கண்ணை அது தருகிறது. நாட்டிய சாஸ்திரம் 108 கரணங்களைக் கூறுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் அவற்றுள் 81 சிற்பமாக உள்ளன. நூலையும் கல்லையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார் பத்மா சுப்ரமணியம். கரணம் என்பது நின்ற நிலையன்று, இயக்கம் என்று விளக்கி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தாம் ஆராய்ந்ததை ஆடியும் காட்டினார். பயிற்சியும் ஆராய்ச்சியும் ஒருவரிடமே கூடும்போது கலை எவ்வாறு வளர்கிறது என்பதற்கு இது சான்று.

இனிப் பிழைப்பைப் பார்ப்போம். மேடைக் கச்சேரி ஒன்றையே நம்பி வாழ்பவர் மிகச் சிலர். பெரும்பாலோர்க்கு நிலையான வருவாய் தருவது கற்பித்தலே. அபிநயத்தில் பெரும்புகழ் பெற்ற பாலசரசுவதியும் (1918-1984) அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் வரை சென்று கற்பித்தார். கல்லூரி ஆசிரியப் பணியை நாடுவோர் முதுகலைப் பட்டம் பெற்றுத் தேசியத் தகுதித் தேர்வில் தேறினால் வழி திறக்கும். நாட்டியம் அத்தேர்வுக்குரிய பாடங்களுள் ஒன்று.

ஒரு பனியன் எத்தனை கைகளைக் கடந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். பின்னுபவர், சாயமிடுபவர், வெட்டுபவர், தைப்பவர், சரிபார்ப்பவர் என வரிசை நீளும். ஓர் ஆடல் நிகழ்ச்சியும் அத்தகையதே. நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், ஒப்பனை, உடை, ஒளியமைப்பு என அதன் பின்னே பல தொழில்கள் உள்ளன. இவற்றுள் ஒன்றையேனும் நன்கு கற்றுக்கொண்டவர், ஆடும் வாய்ப்புக் குறைந்த நாளிலும் கலையைவிட்டு அகல வேண்டியதில்லை. 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி, நாட்டியத்தோடு கைத்தறி நெசவையும் அங்கே வளர்த்தார். துணியின் தரமும் தையலின் நுட்பமும் அறிந்த நம் பகுதி மாணவருக்கு ஆடையமைப்பு அயலான துறையன்று.

நம் மண்ணின் ஆட்டங்களையும் மறத்தலாகாது. ஒயிலாட்டமும் பெருஞ்சலங்கையாட்டமும் கொங்கு நாட்டின் செல்வங்கள். ஆடவர் ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்பித்த கோவை மாவட்டத்துப் பத்ரப்பன், 2024இல் தம் 87ஆம் வயதில் பத்மஸ்ரீ பெற்றார். இவ்வாட்டங்களை முறையாகப் பயின்று, பாடல்களைத் தொகுத்து, பள்ளிகளில் கற்பிப்பதற்குப் படித்தவர்கள் வேண்டும்.

இவ்வழி எளிதன்று. வருவாய் சில மாதம் வரும். சில மாதம் வாராது. முழங்காலும் கணுக்காலும் களைப்பறியாதவை அல்ல. ஆதலால் உடலைப் பேணுங்கள். கணக்கு எழுதப் பழகுங்கள். தமிழோடு வேறொரு மொழியையும் நன்கு கற்றுக்கொள்ளுங்கள். "சோறு போடுமா?" என்று வீட்டார் கேட்கும்போது கண்ணீரை விடையாகத் தராதீர்கள். எங்கே படிப்பேன், எத்தனை ஆண்டு படிப்பேன், எதைக் கற்பித்துப் பிழைப்பேன் என்று தாளில் எழுதி அவர்கள்முன் வையுங்கள். தொழிலின் அருமை அறிந்த பெற்றோர், திட்டமிட்டு உழைக்க முன்வரும் பிள்ளையின் சொல்லுக்குச் செவிசாய்ப்பார்கள்.