ஊட்டும் கை, உண்ணும் வாய்: ஆய்வுகள் காண்பது என்ன?

ஒருவரை உண்ண வைத்து, அவர் உடல் பெருப்பதில் பாலியல் கிளர்ச்சி காண்பதும், அப்படி ஊட்டப்படுவதில் இன்பம் அடைவதும் ‘ஃபீடரிசம்’ எனப்படுகின்றன. இணையம் பரவிய பிறகு இந்த நாட்டமுடையவர்கள் மேலை நாடுகளில் ஒரு சமூகமாகத் திரண்டார்கள்.

இது தனியான நாட்டமா, எல்லோரிடமும் உள்ள ஒன்றின் மிகையா என்று உளவியலாளர்கள் கேட்டார்கள். லெஸ்லி டெரி, பால் வேசி முதலானோர் 2012-இல் வெளியிட்ட சோதனையில், பொதுவான ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஊட்டும் காட்சிகள் காட்டப்பட்டன. உடலில் கிளர்ச்சி பதிவாகவில்லை. ஆனால் சாதாரணக் காட்சிகளைவிட இவை கிளர்ச்சியூட்டியதாக அவர்கள் சொன்னார்கள். சமூகவியலாளர் ஆரியான் ப்ரொஹாஸ்கா எழுப்பிய கேள்வி இன்னும் கனமானது. மெலிந்த உடலே அழகு என்ற விதியை மீறும் இந்த உறவில், ஆண் ஊட்டிப் பெண் பருக்கும்போது பழைய ஆணாதிக்கமே தொடர்கிறதா? நடமாட முடியாத அளவு பருத்தவர் ஊட்டுபவரையே நம்பி வாழ நேரும் என்பதால், சம்மதத்தைப் பற்றிய கேள்வி இங்கே வெறும் ஏட்டு விவாதம் அல்ல.

காமத்தை விலக்கிவிட்டுப் பார்த்தால், ஊட்டுதலில் உள்ள அதிகாரத்தைத் தமிழ்நாட்டை வைத்தே மானிடவியல் முன்பே ஆராய்ந்திருக்கிறது. அர்ஜுன் அப்பாதுரை 1981-இல் எழுதிய கட்டுரை, தமிழ்ப் பிராமணர்களின் வீடு, கல்யாணப் பந்தி, கோயில் ஆகிய மூன்று இடங்களிலும் சோறு உறவைச் சேர்க்கவும் பிரிக்கவும் செய்வதைக் காட்டியது. தஞ்சாவூர்க் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் பந்தியைக் கவனித்தால் இது புரியும். ‘போதும்’ என்று இலைக்குக் குறுக்கே கை நீட்டுகிறார் ஒருவர்; கையைத் தாண்டி இன்னொரு ஜாங்கிரி விழுகிறது. அந்த வற்புறுத்தல் மரியாதை. ரசம் வரத் தாமதமானால் ‘கவனிப்பு சரியில்லை’ என்ற பேச்சு வருஷக்கணக்கில் ஓயாது.

அதே தஞ்சையில் சோறு யாருக்கு வாய்த்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. மானிடவியலாளர் காத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டத்தில் களப்பணி செய்து, தாம் ஆராய்ந்த ஓர் ஊருக்குக் கும்பப்பேட்டை என்று புனைபெயர் வைத்தார். அப்போது நிலம் மிராசுதாரிடம், உழைப்பு பண்ணையாளிடம், கூலி நெல்லாக. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல்தான் வந்தது. ‘பூசினாப்ல இருக்கே’ என்பது பாராட்டாகவும் ‘இளைச்சுப் போயிட்டியே’ என்பது கவலையாகவும் ஒலிப்பதை இந்தப் பின்னணியில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். நெற்களஞ்சியத்தில் சதை எல்லோருக்கும் வாய்க்கவில்லை.

பருத்த உடலை விரும்புவதும் உருவாக்குவதும் எங்கும் ஒரே விதமாக நடப்பதில்லை. நைஜர் நாட்டுப் பாலைவன அரபுகளிடையே, பால்பற்கள் விழத் தொடங்கியதும் சிறுமிகளுக்குப் பாலும் கம்பங்கூழும் வற்புறுத்திப் புகட்டப்படுவதை மானிடவியலாளர் ரெபெக்கா போப்பனோ 2004-இல் வெளிவந்த நூலில் விவரித்தார். அங்கே ஊட்டுபவர்கள் பெண்களே.

அன்பை விட்டுவிட்டு அதிகாரத்தை மட்டும் கணக்கிடும் விளக்கமும் போதாது. ஒரு தமிழ்க் குடும்பத்தோடு வாழ்ந்து மார்கரெட் ட்ராவிக் எழுதிய 1990-ஆம் ஆண்டு நூலில், அன்பு மறைத்து வைக்கப்பட வேண்டியதாகவே வருகிறது. பிள்ளையை ஆசையோடு பார்க்கும் தாயின் கண்ணும் பட்டுவிடும் என்று அஞ்சுகிறார்கள். வெளியே காட்ட முடியாத அந்த அன்பு ஊட்டும் கையில் ஒளிந்திருக்கவும் கூடும்.