சொன்ன அறிவுரை மனத்தில் நிற்க: இதய நோயாளிக்கு ஆசிரியர் செய்யக்கூடியவை

இதயச் செயலிழப்பு என்றதும் இதயம் நின்றுவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். உடலுக்குத் தேவையான இரத்தத்தைச் செலுத்த முடியாமல் இதயம் பலவீனமாகிவிட்ட நிலையையே இப்பெயரால் குறிக்கின்றனர். இந்நிலையில் உடலில் உப்பும் நீரும் தேங்கும், கால் வீங்கும், நடந்தாலும் படுத்தாலும் மூச்சு வாங்கும். மாத்திரைகளோடு அன்றாடப் பழக்கங்களையும் விடாது பின்பற்றினால்தான் மீண்டும் மீண்டும் மருத்துவமனையில் சேர்வதைக் குறைக்க முடியும்.

உப்பு, எடை, தண்ணீர், மாத்திரை என எல்லா அறிவுரைகளும் வீடு திரும்பும் நாளில் ஒன்றாகச் சொல்லப்படுகின்றன. மருத்துவத் தகவலில் 40 முதல் 80 விழுக்காடு வரை உடனே மறந்துபோவதாக நெதர்லாந்து உளவியலாளர் கெசல்ஸ் 2003இல் எழுதினார். எபிங்காஸின் மறதி வளைகோட்டைப் படித்த நமக்கு இது வியப்பன்று. நம் பெற்றோருக்கோ மாணவர் வீட்டுப் பெரியவருக்கோ இந்நோய் இருந்தால், வகுப்பறை உத்திகளே கைகொடுக்கும்.

திருப்பிச் சொல்லச் செய்தல்: ‘புரிந்ததா?’ என்றால் ‘புரிந்தது’ என்றே விடை வரும். ‘அப்பா, எடை கூடினா என்ன செய்வீங்க?’ என்று கேளுங்கள். விடை தவறினால் வேறு விதமாக விளக்கி, மறுநாளும் கேளுங்கள்.

பழக்கத்தோடு இணைத்தல்: காலைக்கடன் முடித்ததும், காபி குடிக்கும் முன் எடை பார்த்து நாட்காட்டியில் எழுதச் செய்யுங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பெயர் சொல்லி விளக்குதல்: ‘உப்பைக் குறையுங்கள்’ என்றால் குழம்பு மட்டுமே நினைவுக்கு வரும். கொட்டிவாக்கம் போன்ற கடலோர ஊர்களில் கருவாட்டை முதலில் சொல்ல வேண்டும்; பிறகு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்துப்பிலும் சோடியமே மிகுதி. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு சில இதய மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

கண்ணால் காணச் செய்தல்: தண்ணீருக்கு மருத்துவர் அளவு குறித்திருந்தால், அந்த அளவைக் காலையிலேயே பாட்டிலில் நிரப்பி வையுங்கள். காபி, மோர், ரசம் ஆகியவையும் அக்கணக்கில் சேரும். அவற்றைக் குடிக்கும்போது அதே அளவு நீரைப் பாட்டிலிலிருந்து குறைத்துவிடலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. இவ்விரு நோய்களும் இதயச் செயலிழப்புக்கு வழிவகுப்பவை. வந்த மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ள வீட்டார் துணை தேவை.

தாத்தாவின் எடையைக் குறித்து வரைபடம் வரைவதை மாணவர்க்குக் கணக்குச் செயல்பாடாகத் தரலாம். மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு மட்டும் பெரியவர்களிடமே இருக்கட்டும்.